பிரெஞ்சு இமெர்ஷன்: ஒன்ராறியோத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

பிள்ளைக்கு நாலு வயது ஆனால் போதும், ஒன்ராறியோத் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: இமெர்ஷனில், அதாவது பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் பள்ளித் திட்டத்தில், சேர்க்கலாமா? எங்களுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாதே, வீட்டுப்பாடத்துக்கு யார் உதவுவது?

அந்தப் பயம் வேண்டாம். இமெர்ஷன் உருவானதே பிரெஞ்சு பேசாத வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான். 1965இல் மொன்றியலுக்குப் பக்கத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் கல்விச் சபையை விடாமல் நெருக்கி, முழுக்கப் பிரெஞ்சில் நடக்கும் ஒரு பாலர் வகுப்பைத் தொடங்க வைத்தார்கள். மக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தார்கள். ஆரம்பத்தில் ஆங்கில வாசிப்பில் சற்றுப் பின்தங்கிய பிள்ளைகள், ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் ஈடுகட்டிவிட்டார்கள். பிரெஞ்சிலோ, அதை ஒரு பாடமாக மட்டும் படித்தவர்களைவிட வெகுதூரம் முன்னால் நின்றார்கள்.

சரி, இனி செய்ய வேண்டியவை.

1. எந்தத் திட்டம் என்று தெளிவாகுங்கள்

ஒன்ராறியோவின் ஆங்கிலப் பள்ளிகளில் பிரெஞ்சு மூன்று வகையாகக் கற்பிக்கப்படுகிறது. 4ஆம் வகுப்பிலிருந்து எல்லோருக்கும் கட்டாயமானது கோர் பிரெஞ்சு. அதில் 8ஆம் வகுப்பு முடிவதற்குள் 600 மணி நேரம் பிரெஞ்சு கிடைக்கும். எக்ஸ்டெண்டட் பிரெஞ்சில் குறைந்தது 1,260 மணி நேரம். இமெர்ஷனில் குறைந்தது 3,800 மணி நேரம். பிரெஞ்சு மொழிப் பாடம் மட்டுமல்ல, வேறு பாடங்களும் அதே மொழியில் நடக்கும் என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம்.

பிரெஞ்சு மொழிப் பள்ளிகள் என்று தனியாகவும் உண்டு. அவற்றை நடத்துவது வேறு சபைகள். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களின் அரசியலமைப்பு உரிமைக்காக இருப்பவை. இமெர்ஷனை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2. விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள்

ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையில் இமெர்ஷன் சீனியர் கிண்டர்கார்ட்டனில், அதாவது 1ஆம் வகுப்புக்கு முந்தைய ஆண்டில், தொடங்கும். யோர்க், பீல் பகுதிகளில் 1ஆம் வகுப்பில். விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய கல்வியாண்டின் நடுவிலேயே இணையத்தில் திறந்து மூடிவிடும். ஆகவே பிள்ளை ஜூனியர் கிண்டர்கார்ட்டனில் இருக்கும்போதே உங்கள் சபையின் தளத்தைப் பார்த்துத் தேதியைக் குறித்து வையுங்கள். இடம் கிடைக்கும் பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் போகலாம். பஸ் உண்டா, பள்ளி விட்டபின் பிள்ளையை யார் கூட்டி வருவது என்பதையும் முதலே பேசி முடிவு செய்யுங்கள். குடும்பங்கள் இமெர்ஷனை இடையில் விடுவதற்குப் போக்குவரத்துச் சிக்கலும் ஒரு காரணம்.

3. முதல் மாதங்களில் பொறுமை

ஆசிரியர் பிரெஞ்சில் பேசுவார், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். இது தவறல்ல, கேட்டுப் புரிவது முதலில் வரும், பேச்சு அப்புறம். "இன்றைக்கு என்ன படித்தாய், பிரெஞ்சில் சொல்லு" என்று மாமா, மாமி முன்னால் நிறுத்திச் சோதிக்காதீர்கள். பாட்டுப் பாடினால் கேளுங்கள், அது போதும்.

4. வீட்டில் தமிழ் பேசுங்கள்

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பிள்ளை பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறது, ஆங்கிலம் பின்தங்கிவிடும் என்று பயந்து, வீட்டுப் பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடும் குடும்பங்கள் பல. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதியிலேயே விளக்கினார்: ஒரு மொழியில் பிள்ளை பெறும் வாசிப்புத் திறனும் சிந்தனைத் திறனும் மற்ற மொழிக்கும் உதவும். அம்மம்மா சொல்லும் கதையில் "ஏன் அப்படிச் செய்தான், அடுத்து என்ன நடக்கும்" என்று யோசித்துப் பழகிய பிள்ளை, பிரெஞ்சுக் கதையிலும் அதையே செய்யும்.

ஒவ்வொரு நாளும் தூங்கும் முன் தமிழில் ஒரு கதை வாசியுங்கள். பள்ளியில் படித்ததைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் எப்படி ஆவியாகிறது என்பதைத் தமிழில் சொல்ல முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். கனடாவில் ஆங்கிலம் தெருவிலும் தொலைக்காட்சியிலும் தானாக வரும். பெரும்பாலான வீடுகளில் தமிழ் உங்கள் வாயிலிருந்து மட்டும்தான் வரும்.

5. வகுப்புக்கு வெளியே பிரெஞ்சு

பொது நூலகங்களில் பிரெஞ்சுச் சிறுவர் நூல்கள் இருக்கின்றன. உச்சரிப்பு உங்களுக்குத் தெரியாவிட்டால் ஒலிநூல் எடுங்கள். எழுதியது ஒன்று, ஒலிப்பது வேறு என்பது பிரெஞ்சில் அதிகம், ஊகித்து வாசித்துக் காட்டுவது பிள்ளையைக் குழப்பும். ஒன்ராறியோவின் பொதுக் கல்வி அலைவரிசை டிஎஃப்ஓ சிறுவர் நிகழ்ச்சிகளைப் பிரெஞ்சில் தருகிறது. நீங்களும் கொஞ்சம் கற்க ஆசைப்பட்டால், கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி–ராடியோ கனடாவின் "மொரில்" (Mauril) என்ற இலவசச் செயலி இருக்கிறது.

6. 3, 4ஆம் வகுப்புகளில் கவனம்

பல சபைகளில் ஆங்கிலப் பாடம் இந்தக் கட்டத்தில்தான் சேரும். பிள்ளை ஆங்கிலச் சொற்களைப் பிரெஞ்சு ஒலிப்படி எழுதும், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் இரண்டு மொழியிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறினால் காத்திருக்க வேண்டாம், ஆசிரியரிடம் உடனே பேசுங்கள். இமெர்ஷனை விட்டால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால், ஆங்கில வகுப்பில் என்ன கூடுதல் உதவி கிடைக்கும் என்று திருப்பிக் கேளுங்கள். மொழியை மாற்றுவதால் மட்டும் வாசிப்புச் சிக்கல் தீராது.

7. பேச வைப்பது

இமெர்ஷனின் பலவீனம் இங்கேதான். பிள்ளைகள் கேட்பதிலும் வாசிப்பதிலும் பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளுக்கு நெருக்கமாக வந்துவிடுவார்கள். பேச்சிலும் எழுத்திலும் ஆண்பால், பெண்பால், வினைவடிவம் எல்லாம் தடுமாறும். கேட்டால் மட்டும் போதாது, வாய்திறந்து பேச வேண்டும் என்பதை ரொறன்ரோவில் மொழிக் கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் எடுத்துக்காட்டினார். இடைவேளையில் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலம்தான் பேசுவார்கள். ஆகவே பிரெஞ்சில் நடக்கும் கோடை முகாம், நாடகம், நீச்சல் வகுப்பு கிடைத்தால் சேருங்கள். ஆங்கிலத்தில் பதில் சொல்ல வழியில்லாத இடமாகப் பாருங்கள்.

8. 9ஆம் வகுப்பு

உயர்நிலைப் பள்ளியில் இமெர்ஷன் சான்றிதழுக்குப் பிரெஞ்சுப் பாடத்தில் 4, பிரெஞ்சில் நடக்கும் வேறு பாடங்களில் 6, ஆக 10 கிரெடிட் (ஒரு பாடத்தை முடித்ததற்குக் கிடைக்கும் அலகு) வேண்டும். பக்கத்துப் பள்ளி அந்தப் பாடங்களை உண்மையிலேயே நடத்துகிறதா என்று 8ஆம் வகுப்பிலேயே விசாரியுங்கள். 12ஆம் வகுப்பில் பல சபைகள் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் திறன் தேர்வு எழுத வாய்ப்புத் தருகின்றன. பிரான்ஸ் கல்வி அமைச்சு வழங்கும் அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, கனடாவுக்கு வெளியிலும் செல்லும். அதை எழுத விடுங்கள்.