கோலாபில் சேர்ந்து எழுதும் முன்: நோட்புக் யாருடையது, எங்கே சேமிக்கிறது?

கடைசி வருட புராஜெக்ட்டை நாங்கள் நான்கு பேரும் பிரௌசரிலேயே பைத்தான் நிரல் எழுதி ஓட்டும் கூகுள் கோலாபில்தான் செய்தோம். நோட்புக்கை, அதாவது நிரலும் அதன் விடைகளும் சேர்ந்திருக்கும் கோப்பை, தொடங்கியது என் தோழி, அதுவும் கல்லூரி மெயில் ஐடியில். படிப்பு முடிந்த சில மாதத்தில் கல்லூரி பழைய மாணவர்களின் கணக்குகளை அழித்தது, நோட்புக்கும் அதோடு போனது. எங்கள் எல்லோருக்கும் எடிட்டர் அனுமதி இருந்தது, ஆனால் கோப்பு இருந்தது அவள் கணக்கின் கூகுள் டிரைவில். எப்போதோ நான் இறக்கி வைத்திருந்த ஒரு பாதிப் பிரதிதான் மிஞ்சியது. அந்த இழப்பு இன்னும் வலிக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டிரைவில் கோப்பை ரைட் கிளிக் செய்து ஷேர் பெட்டியைத் திறந்து, யார் பெயருக்கு எதிரே 'ஓனர்' என்று இருக்கிறது என்று பாருங்கள். சொந்த ஜிமெயிலாக இருந்தால் வேறொருவருக்கு மாற்றுவது சுலபம்: அவர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பட்டியலில் 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' கொடுங்கள், அவருக்கு அழைப்பு போகும். அவர் அதை ஏற்கும் வரை நீங்கள்தான் ஓனர். அனுப்பியதோடு விட்டுவிடாமல் போன் செய்து ஏற்கச் சொல்லுங்கள்.

கல்லூரி அல்லது அலுவலகக் கணக்கில் இருந்தால் இந்த வழி கிடையாது, நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் ஜிமெயிலுக்கு ஓனர்ஷிப்பை மாற்ற முடியாது. அப்போது செய்ய வேண்டியது: சொந்த ஜிமெயிலுக்கு நோட்புக்கைப் பகிர்ந்து, அந்த ஜிமெயிலில் நுழைந்து திறந்து, ஃபைல் மெனுவில் 'சேவ் எ காப்பி இன் டிரைவ்'. இந்தப் பிரதிக்கு நீங்களே ஓனர். ஆனால் இணைப்பு புதியது, பழைய ரிவிஷன் ஹிஸ்டரியும் (முந்தைய பதிப்புகளின் வரலாறு) வராது. குழுவில் ஒருவர் பழைய இணைப்பிலேயே எழுதிக்கொண்டிருப்பார், அதனால் பழைய நோட்புக்கின் பெயரில் 'இதில் எழுதாதீர்கள்' என்று சேர்த்துவிடுங்கள்.

ஷேர் பெட்டியின் பல்சக்கரத்தையும் அழுத்திப் பாருங்கள். எடிட்டர்கள் மற்றவர்களுக்குப் பகிரலாம் என்ற டிக் அங்கே இருக்கும், நான் எப்போதும் எடுத்துவிடுவேன்.

சரி, சேமிப்புக்கு வருவோம். மேலே 'கேன்னாட் சேவ் சேஞ்சஸ்' என்று தெரிந்தால் நீங்கள் வியூவர் (பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்), எழுதுவது எதுவும் நிற்காது. உடனே 'காப்பி டு டிரைவ்' கொடுங்கள். இன்னொன்று, தானாகச் சேமிப்பது தோல்வி, கோப்பு வேறு இடத்திலோ வேறு டேபிலோ மாறியிருக்கிறது என்ற எச்சரிக்கை. அப்போது அவசரப்பட்டு சேவ் அழுத்தினால் நண்பர் எழுதியதை உங்கள் பதிப்பு மூடிவிடலாம். மாற்றிய செல்லை (நிரல் எழுதும் கட்டம்) நோட்பேடில் ஒட்டி வைத்து, பக்கத்தை ரீலோட் செய்து, திரும்ப ஒட்டுங்கள். முக்கியமான கட்டத்தில் ஃபைல் மெனுவின் 'சேவ் அண்ட் பின் ரிவிஷன்' போட்டு அந்தப் பதிப்பைத் தக்க வைப்பது நல்ல பழக்கம்.

என்னைக் கேட்டால் ஒரே நோட்புக்கில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதவே வேண்டாம். ஆளுக்கொரு நோட்புக், முடிந்ததை கிட்ஹப்பில் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) சேர்ப்பது, அதுதான் நிம்மதி. ஒருவர் எழுத மற்றவர் கூடவே பார்க்க வேண்டுமென்றால் விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் மென்பொருளின் லைவ் ஷேர் வசதி அருமை. ஆனால் அங்கேயும் கோப்புகள் அழைத்தவரின் கணினியில்தான் இருக்கும், அவர் செஷனை முடித்ததும் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

அப்புறம், கோலாபின் இடது பேனலில் நேரடியாக அப்லோட் செய்யும் டேட்டா கோப்புகள் நோட்புக்கோடு சேராது. ரன்டைம், அதாவது நிரலை ஓட்ட கூகுள் தரும் தற்காலிகக் கணினி, ஆளுக்கு ஆள் தனி, அது நின்றதும் அவையும் போய்விடும். பேனலில் உள்ள 'மவுண்ட் டிரைவ்' மூலம் உங்கள் டிரைவை அதோடு இணைத்து, கோப்புகளை டிரைவிலேயே வையுங்கள்.

பின்சேர்க்கை: டிரைவை மவுண்ட் செய்தும் நண்பர் பகிர்ந்த ஃபோல்டர் தெரியவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மவுண்ட் ஆவது உங்கள் சொந்த டிரைவ், 'ஷேர்டு வித் மீ' பகுதி அதில் வராது. டிரைவில் அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஆட் ஷார்ட்கட்' மூலம் மை டிரைவில் சேர்த்துவிட்டு மறுபடி மவுண்ட் செய்யுங்கள், வந்துவிடும்.