பாஸ்டன் பக்கம் புதுசா வந்திருக்கீங்களா? டீ கொட்டின கதையைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க

எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்), பேங்க் அக்கவுன்ட், டிரைவிங் லைசென்ஸ், இட்லி அரிசி எங்க கிடைக்கும் இதெல்லாம் சொல்றதுக்கு ஊருக்கு நூறு பேர் இருக்காங்க, அதனால நான் அந்தப் பக்கம் போகல. நான் வந்த புதுசுல ஏப்ரல் மாசம் ஒரு திங்கட்கிழமை காரை எடுத்துட்டுக் கிளம்பினேன், போற ரோடெல்லாம் அடைப்பு, ஆபீஸ்லயும் பாதிப் பேர் இல்ல, என்னடா பந்த்தான்னு பார்த்தா பேட்ரியட்ஸ் டேயாம். ஏப்ரல் மூணாவது திங்கட்கிழமை, மாசசூசெட்ஸ்ல அரசு விடுமுறை, மாரத்தானும் அன்னைக்கேதான். பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க சுதந்திரப் போர்ல 1775 ஏப்ரல் 19 லெக்சிங்டன்லயும் கான்கார்ட்லயும் முதல் துப்பாக்கிச் சூடு நடந்த நாளுக்காக இந்த லீவு.

சரி எதுக்குச் சண்டைன்னு கேட்டா எல்லாரும் "வரி ஜாஸ்தி போட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அப்படி இல்லைங்க. ஆரம்பம் ஏழாண்டுப் போர். நம்ம வந்தவாசியில 1760ல வெள்ளைக்காரனும் ஃபிரெஞ்சுக்காரனும் மோதிக்கிட்டாங்கன்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதே போரோட இன்னொரு முனைதான் இங்க நடந்தது. 1763ல பிரிட்டன் ஜெயிச்சிடுச்சு, ஆனா கடன் 12 கோடி பவுண்டுக்கு மேல. உங்களைக் காப்பாத்தத்தானே செலவு பண்ணோம், நீங்களும் பங்கு குடுங்கன்னு லண்டன் பார்லிமென்ட் இந்தப் பக்கம் கை நீட்டுச்சு. 1764ல சர்க்கரைச் சட்டம், 1765ல ஸ்டாம்ப் சட்டம். நம்மூர்ல பத்திரம் எழுத ஸ்டாம்ப் பேப்பர் வாங்கறோம்ல, கிட்டத்தட்ட அதுதான், ஆனா நியூஸ் பேப்பர், கோர்ட் பத்திரம், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை இருக்கணும். பாஸ்டன்ல ஸ்டாம்ப் விக்க நியமிச்ச ஆளோட கொடும்பாவியை மரத்துல தொங்கவிட்டாங்க, அவர் வேலையே வேணாம்னு ஒதுங்கிட்டார். அடுத்த வருஷமே சட்டத்தை வாபஸ் வாங்கினாங்க, ஆனா அதே கையோட "உங்களுக்கு எந்தச் சட்டமும் போட எங்களுக்கு உரிமை இருக்கு"ன்னு இன்னொரு சட்டம் போட்டாங்க பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு.

டீயை எடுத்துக்கோங்க. 1773 டீ சட்டம் டீ விலையை ஏத்தல, குறைச்சுது! கிழக்கிந்தியக் கம்பெனிகிட்ட டீ மலை மாதிரி தேங்கிக் கெடந்துச்சு, கம்பெனி திவாலாகாம இருக்க நேரா அமெரிக்காவுக்கே அனுப்பி வித்துக்கோன்னு விட்டாங்க. ஒரு பவுண்டு எடை டீக்கு 3 பென்ஸ் வரி மட்டும் அப்படியே. மலிவா குடுத்து அந்த வரியைக் கட்ட வச்சுட்டா பார்லிமென்ட்டோட உரிமையை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு பாஸ்டன்காரங்க உஷாராயிட்டாங்க, கடத்தல் டீ வித்துட்டிருந்த வியாபாரிகளுக்குப் பொழைப்பும் போகுது, இதையும் மறைக்கக் கூடாது. டீ விக்கற ஏஜென்சி மாசசூசெட்ஸ் கவர்னர் ஹட்சின்சனோட பசங்களுக்கே போச்சுன்னா கேக்கவா வேணும். டிசம்பர் 16 ராத்திரி பாஸ்டன்காரங்க மூணு கப்பல்லேர்ந்து 340 பெட்டிக்கு மேல டீயைக் கடல்ல கொட்டிட்டாங்க. அது நம்ம அசாம் டீன்னு நெனைக்காதீங்க, சீன டீ.

எங்க வீட்டுப் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்து "இந்தியன் வேஷம் போட்டுக்கிட்டு டீயைக் கொட்டினாங்களாம், நம்மளாப்பா?"ன்னு கேட்டா. இல்லம்மா, இங்கத்து மோஹாக் பழங்குடி வேஷம்னு சொல்லிப் புரியவைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. உங்க பசங்களும் கேப்பாங்க, தயாரா இருங்க.

பதிலடியா 1774ல லண்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடிச்சு. என்னைக் கேட்டா அதைவிடப் பெரிய அடி இன்னொண்ணு, கவர்னர் அனுமதி இல்லாம டவுன் மீட்டிங் வருஷத்துக்கு ஒண்ணுதான்னு உத்தரவு. நூறு வருஷத்துக்கு மேல தங்களோட ரோடு, ஸ்கூல், வரி எல்லாத்தையும் தாங்களே கூடிப் பேசி முடிவு பண்ண ஜனங்க, கிராமத்து விவசாயி வரைக்கும் கொதிச்சுப் போனது இதுக்குத்தான். இந்த டவுன் மீட்டிங் இன்னைக்கும் இருக்குங்க, நம்மாளுங்க நிறைய குடியிருக்கற ஆக்டன்லகூட நடக்குது. விசாவுல இருக்கற நமக்கு ஓட்டு கிடையாது, உக்காந்து பாக்கலாம். ஒரு தடவை போங்க, ஸ்கூல் பட்ஜெட்டுக்கு ஒரு பாட்டி எழுந்து மைக்ல கேக்கற கேள்வியைப் பாத்தா 1774 புரிஞ்சிடும். (வரி கட்டறோம் ஓட்டு இல்லன்னு நம்மாளுங்க புலம்பும்போது பக்கத்துல அமெரிக்கன் இருந்தா சிரிச்சிடுவான், "பார்லிமென்ட்ல எங்க ஆள் இல்லாம எங்களுக்கு வரி கிடையாது"ங்கறது அன்னைக்கு அவங்களோட கோஷம்.)

அந்த ஆக்டன்லேர்ந்துதான் ஐசக் டேவிஸ்னு துப்பாக்கி செய்யறவர் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போயி 1775ல கான்கார்ட் பாலத்துச் சண்டையில செத்தாரு. அதுக்காக எல்லாரையும் சுதந்திர வீரர்னு கும்பிடணும்னு இல்ல. மாசசூசெட்ஸ் 1641லயே அடிமை முறைக்குச் சட்டத்துல இடம் குடுத்த காலனி, 1770ல பாஸ்டன்ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க சுட்டு முதல்ல விழுந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸே அடிமைத்தளையிலேர்ந்து தப்பிச்சு வந்தவருன்னு சொல்றாங்க.

இன்னொண்ணு, இந்தச் சுதந்திரப் போர்ல 1781ல யார்க்டவுன்ல தோத்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் அப்புறம் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலா வந்து திப்புவை மடக்கினவர், அவரோட சிலை சென்னை கோட்டை மியூசியத்துல நிக்குது. ஊருக்குப் போனா பாருங்க.

பேட்ரியட்ஸ் டே அன்னைக்கு லெக்சிங்டன்ல விடிகாலை 5.30க்கு அந்தச் சண்டையை நடிச்சுக் காட்டுவாங்க. நாலு மணிக்கே போனாத்தான் பார்க்கிங், முன்வரிசை கிடைக்கும், ஏப்ரல்தானேன்னு ஸ்வெட்டரோட போகாதீங்க, தடி ஜாக்கெட் போடுங்க, குழந்தைக்கு ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துக்கோங்க. திரும்பி வரும்போது ஹாப்கின்டன், நேட்டிக் பக்கம் போயிடாதீங்க, மாரத்தானுக்கு ரோடு மூடிடுவாங்க.