பாலைவனச் சிகரம் ஏறுபவர்கள் வழி தவறும் இடங்கள்

சென்ற மாதம் ஒரு சிகரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். சற்றுக் கீழே மூன்று இளைஞர்கள் ஓர் ஓடைப் பள்ளத்தின் தலைமாட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதுல இறங்குனா நேரா வண்டிகிட்ட போயிடலாம் போலிருக்கே" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்று இதே வார்த்தைகளை நான் சொல்லியிருக்கிறேன். கையைத் தட்டிக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

தொப்பி போடுங்கள், நல்ல ஷூ மாட்டுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்கிற இடங்கள் வேறு.

இடைவெளியைப் பாதை என்று நினைப்பது

காட்டில் செடிகொடிகளுக்கு நடுவே இருக்கும் ஒரே இடைவெளி பாதைதான். கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பாலைவனத்தில் எங்கு பார்த்தாலும் இடைவெளி. இரண்டு புதர்களுக்கு நடுவே வெறும் சரளை கிடந்தால் அது நடந்து நடந்து தேய்ந்த தடம் போலவே தோன்றும். பாறையில் கால்தடம் பதியாது. சரளையில் பதிந்ததையும் ஒரு பெருமழை அடித்துக்கொண்டு போய்விடும். மலையாடுகள் போட்ட தடங்கள் வேறு, மனிதர் போட்டதைவிட அழகாக இருக்கும். அவை திடீரென்று ஒரு பாறைத் திட்டில் போய் முடியும். ஆட்டுக்கு அதற்கு மேலும் வழி உண்டு, நமக்கு இல்லை.

கற்குவியலை நம்புவது

நாலு கல்லை அடுக்கி வைத்திருந்தால் யாரோ இங்கே வந்திருக்கிறார் என்று அர்த்தம். சரியான வழியில் வந்தார் என்பதற்கு அது சாட்சி இல்லை. வழி தவறியவரும் திரும்பி வர அடையாளமாகக் கல் அடுக்குவார், அதைக் கலைக்காமல் போய்விடுவார். ஒரு குவியலில் நின்றுகொண்டு அடுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகே நகருங்கள். தெரியவில்லையென்றால் ஒருவர் அங்கேயே நிற்கட்டும், மற்றவர் குரல் எட்டும் தூரத்துக்குள் தேடட்டும். நீங்களாகப் புதிதாக அடுக்காதீர்கள். இருக்கிற குழப்பமே போதும்.

பள்ளத்தில் இறங்குவது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. மற்றவர்கள் மேல் இல்லை, என் மேல்.

நாங்கள் இரண்டு பேர். உச்சியைத் தொட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினோம். உச்சிக்குக் கீழே ஒரு கணவாய். காலையில் வலப்பக்கப் பாறைச் சரிவின் குறுக்கே ஏறி அங்கே வந்திருந்தோம். இறங்கும்போது அந்தச் சரிவு கண்ணில் படவே இல்லை. கண்ணுக்கு நேர் கீழே ஒரு பள்ளம், அதன் அடியில் வெள்ளை மணல், தூரத்தில் எங்கள் வண்டியின் கண்ணாடி வெயிலில் பளிச்சென்று மின்னியது. இதைவிட என்ன வேண்டும்? இறங்கினோம்.

அரை மணி நேரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறைப் படி. உட்கார்ந்து சறுக்கினோம். அப்புறம் இன்னொன்று, இரண்டு ஆள் உயரம். முதுகுப் பைகளை முதலில் தூக்கிப் போட்டுவிட்டுத் தொங்கி இறங்கினோம். பைக்குள் இருந்த ஒரு தண்ணீர் பாட்டில் உடைந்தது, அப்போது கவனிக்கவில்லை. மூன்றாவது விளிம்பில் பாறை வழவழவென்று மெருகேறியிருந்தது. ஒரு கல்லை விட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்த பிறகுதான் சத்தம் வந்தது. இரண்டு வினாடி என்றால் கிட்டத்தட்ட 20 மீட்டர்.

முன்னால் போக வழியில்லை. தொங்கி இறங்கிய படியில் திரும்ப ஏறவும் முடியவில்லை. நண்பரின் தோளில் ஏறி, கற்களை மேடாகக் குவித்து, அந்த ஒரு படியை ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முழங்கை இரண்டும் தோலுரிந்து போனது. வண்டியை அடைந்தபோது இரவு ஒன்பதரை.

ஏன் இப்படி ஆகிறது? பாலைவன ஓடையில் தண்ணீர் வருவது எப்போதோ ஒருமுறை. வந்தால் பாறைகளை உருட்டிக்கொண்டு வரும். மென்மையான பாறையை அரித்துக்கொண்டு போகும், கடினமான பாறை அப்படியே நிற்கும். அப்படி நின்ற இடமெல்லாம் வறண்ட அருவி. மேலிருந்து பார்த்தால் அந்தச் செங்குத்து தெரியாது. விளிம்பைத் தாண்டிக் கண் நேராகக் கீழே இருக்கும் மணலுக்குப் போய்விடும், நடுவில் இருக்கும் வெற்றிடத்தை மனம் தானாக ஒட்டிவிடும். கீழிருந்து ஏறி வருபவனுக்கு அந்தச் சுவர் மூஞ்சிக்கு நேரே நிற்கும், அவன் பேசாமல் திரும்பிவிடுவான்.

இன்னொன்று. ஏறும்போது மலையின் முதுகுகள் எல்லாம் உச்சியை நோக்கி ஒன்று சேரும். கொஞ்சம் தவறினாலும் மலையே உங்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து விடும். இறங்கும்போது அதே முதுகுகள் விசிறி போலப் பிரியும். உச்சியில் 10 டிகிரி திசை மாறினால் ஒரு கிலோமீட்டர் போனதும் சுமார் 175 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். நடுவில் ஒரு செங்குத்துப் பாறை இருந்தால் அந்த 175 மீட்டரை நடந்து கடக்க முடியாது.

அதனால் நான் செய்வது இதுதான். ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, திரும்பி, வந்த வழியைப் பார்ப்பேன். இறங்கும்போது கண்ணில் படப்போவது அந்தக் காட்சிதான். பாதை ஓடையை விட்டு மேலேறும் இடம், கணவாயை விட்டுப் பக்கவாட்டில் விலகும் இடம், இந்த இரண்டையும் கீழ்நோக்கிப் படம் எடுத்துக்கொள்வேன். உச்சியைப் படம் எடுப்பதைவிட இது முக்கியம் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, சரி போகட்டும். பத்து நிமிடம் தடம் தெரியாமல் நடந்துவிட்டால், கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கு மேலேறிப் போவேன். கால் கெஞ்சும். ஆனாலும் போவேன். திரும்ப ஏற முடியாத எதிலும் சறுக்கவோ குதிக்கவோ மாட்டேன், அது இடுப்பு உயரம் இருந்தாலும்.

செல்போன் வரைபடம் காட்டும் கோட்டின் மேல் நடப்பது

ஜிபிஎஸ் சிக்னல் பாறைச் சுவரில் பட்டு எதிரொலித்து வரும்போது காட்டும் இடம் பத்துப் பதினைந்து மீட்டர் விலகலாம். சமவெளியில் அது ஒரு பொருட்டே இல்லை. இங்கே அது பாறையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத் தீர்மானிக்கும். பல செல்போன்கள் 35 டிகிரி செல்சியஸ் சூழல் வரைக்கும்தான் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. வெயிலில் கையில் பிடித்துக்கொண்டே நடந்தால் சூடேறி அணைந்துவிடும், அதுவும் சரியாகத் தேவைப்படும் நேரத்தில். வரைபடத்தை முன்பே இறக்கிவைத்து, ஏரோப்ளேன் மோடில் போட்டு, பைக்குள் நிழலில் வையுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும்.

பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பலாம் என்பது

தாமதம். திரும்புவது வெயில் ஏறிய பிறகு, வழி தேடும் நேரமும் சேர்ந்துகொள்ளும். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தால் நான் திரும்பிவிடுவேன். கூடவே உப்புள்ள தின்பண்டம் எதையாவது சாப்பிடுங்கள். நாள் முழுக்க வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல் வரும். தாகம் என்று நினைத்து மேலும் குடிப்பார்கள், மேலும் மோசமாகும்.

பார்க்காத இடத்தில் கை வைப்பது

பாம்புக்கும் நிழல் வேண்டும்.

பகல் மலைதானே என்று டார்ச்சை விட்டுப் போவது

ஒன்பதரை மணிக் கதையை மறுபடி படியுங்கள்.

ஒட்டிய கள்ளியைக் கையால் பிடுங்குவது

அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் உள்ள சொனோரன் பாலைவனத்தில் துள்ளும் கள்ளி என்று பெயர் வாங்கிய ஒரு வகை உண்டு. அது துள்ளுவதில்லை. லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று உங்களோடு வந்துவிடும். கையால் எடுத்தால் கையில் ஒட்டும், உதறினால் தொடையில் ஒட்டும். ஒரு சீப்பை அதற்கும் தோலுக்கும் நடுவே நுழைத்துச் சட்டென்று வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். தட்டும் திசையில் யாரும் நிற்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.