பட்டறைக்கு ஒரு பொதுச் சிங்க்: பொருத்துவதும் பராமரிப்பதும்

மண்பாண்டம் வனைபவர், பெயின்ட் அடிப்பவர், பிளாஸ்டர் அச்சு வார்ப்பவர் என்று பலரும் வந்துபோகும் பட்டறைக்கு வீட்டுச் சமையலறை சிங்கின் அமைப்பு ஒத்துவராது. குழாயில் எந்த மாடல் நல்லது என்று கடையில் அரை மணி நேரம் நிற்போம். தொல்லை வருவதோ சிங்குக்கு அடியில். எனவே இங்கே அடிப்பகுதிக்குத்தான் அதிக இடம்.

1. இடமும் தாங்கலும்

சிங்க் எங்கே வர வேண்டும் என்பதைச் சாக்கடைச் சேம்பரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தண்ணீர்க் குழாயை எங்கு வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். கழிவுக் குழாய்க்கு வாட்டம் வேண்டும்: மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. இறக்கம். சேம்பர் 6 மீட்டர் தள்ளியிருந்தால் குழாய் 12 முதல் 15 செ.மீ. இறங்கியாக வேண்டும். தரை அதற்கு இடம் கொடுக்குமா என்று டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர் நிரப்பிய டியூப்) பிடித்துப் பார்த்த பிறகு சுவரைக் கொத்தலாம்.

60 × 45 செ.மீ. அளவு, 25 செ.மீ. ஆழம் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க் போதும். அடைத்துக்கொண்டு நிரம்பினால் 60 கிலோவுக்கு மேல் தண்ணீர் நிற்கும், அதோடு ஆட்களும் சாய்ந்து நிற்பார்கள். வெறும் பிராக்கெட்டை நம்ப வேண்டாம். இரண்டு பக்கமும் செங்கல் கட்டி மேலே கடப்பா கல் போடுங்கள், இல்லையென்றால் இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு அடிக்கச் சொல்லுங்கள். விளிம்பு தரையிலிருந்து சுமார் 85 செ.மீ. இருக்கட்டும்.

2. தண்ணீர் வரும் பக்கம்

மேல்தொட்டி குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் என்றால் 0.3 பார்தான். முனையில் சல்லடை வைத்த அலங்காரக் குழாய் அந்த அழுத்தத்தில் நூலாகத்தான் ஊற்றும். நீளமூக்குள்ள சாதாரணக் குழாய் வாங்குங்கள். முழங்கையால் தள்ளித் திறக்கும் நீளக் கைப்பிடி இருந்தால் இன்னும் நல்லது, கையெல்லாம் மண்ணாகத்தானே இருக்கும்.

மரையில் டெஃப்லான் டேப்பை, மரை முனை உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் முடுக்கும்போது டேப் பிரிந்துவிடும். ஒவ்வொரு குழாய்க்கும் தனியாக ஓர் ஆங்கிள் காக் (தண்ணீரை அடைக்கும் சிறு வால்வு) வையுங்கள். சால்வென்ட் சிமெண்ட் (பிவிசி குழாய்ப் பசை) ஒட்டிய இணைப்புக்கு ஓர் இரவு விட்டுத் தண்ணீர் திறங்கள்.

3. மண் தங்கும் வாளி

முக்கியமான வேலை இதுதான். களிமண் கரைந்து போய்விட்டதுபோலத் தெரியும். குழாயின் வளைவுகளில் மெல்லப் படிந்து இறுகிவிடும். பாட்டில் டிராப் (சாக்கடை நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பாட்டில் வடிவப் பகுதி) போட்டால் சீக்கிரமே அடைக்கும். டிராப்புக்கு முன்னாலேயே மண்ணைப் பிடிக்க வேண்டும்.

மூடியுள்ள 20 லிட்டர் காலி பெயின்ட் வாளி ஒன்று எடுங்கள். சிங்கிலிருந்து 40 மி.மீ. குழாய் மூடி வழியாக இறங்கி, வாளியின் பாதி ஆழத்தில் முடியட்டும். முனையில் ஓர் எல்போ (வளைவுத் துண்டு) போட்டுப் பக்கவாட்டில் திருப்பினால், விழும் தண்ணீர் அடியில் படிந்த மண்ணைக் கலக்காது. விளிம்புக்கு 8 செ.மீ. கீழே துளையிட்டு, ரப்பர் வாஷரோடு 50 மி.மீ. குழாயை வெளியே எடுங்கள். வெளியேறும் குழாய் பெரியதாக இருப்பது அவசியம். அதற்கு அப்புறம்தான் பி-டிராப் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கும் வளைந்த குழாய்), பிறகு சேம்பர். வாளிக்கு முன்னும் பின்னும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) வைத்தால் கழற்றுவது சுலபம். ஒட்டிவிட்டால் அறுக்க வேண்டியதுதான். காற்றுப் போக மூடியில் சிறு துளை போட்டு, கொசு நுழையாமல் வலை ஒட்டுங்கள்.

சிங்கின் அடைப்பு மூடியைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். முழுச் சிங்க் தண்ணீரை ஒரே மூச்சில் திறந்துவிட்டால் வாளி தாங்காமல் வழியும்.

எல்லாம் பொருத்தியதும் பத்து நிமிடம் தண்ணீர் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரியும் பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கி, அப்புறம் கால் சுற்று மட்டும் முடுக்குங்கள்.

4. எதை ஊற்றக் கூடாது

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். குழாயில் இறுகிவிட்டால் குழாயையே மாற்ற வேண்டும். மிச்சத்தை வாளியிலேயே கெட்டியாக விட்டு, உடைத்துக் குப்பையில் போடலாம். தின்னர், ஆயில் பெயின்ட் கழுவியது எதுவும் சிங்குக்கு வரக் கூடாது. தின்னர் பிவிசியைக் கெடுக்கும், ஆவி தீப்பிடிக்கும். கை, கருவிகளை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சிங்குக்கு வர வேண்டும் என்ற விதியைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். யாரும் படிக்க மாட்டார்கள், அந்த வாளியைச் சிங்குக்கு முன்னாலேயே வைத்தால் பயன்படுத்துவார்கள்.

5. பராமரிப்பு

வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். மண் எல்போவை நெருங்கினால் காலி செய்யும் நேரம். மேல் தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, சேற்றைப் பழைய துணியில் கொட்டிக் காயவைக்கலாம். மெருகுப் பூச்சும் அதில் கலந்திருக்கும் என்பதால் அந்த மண்ணில் சாப்பாட்டுப் பாத்திரம் செய்ய வேண்டாம். "எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு பெயர் எழுதுங்கள்.

அடைத்துக்கொண்டால் ஆசிட் ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஸ்டீலில் புள்ளி விழும், மண்ணும் கரையாது. பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். யூனியனைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். நீண்ட விடுமுறை முடிந்து வந்ததும் நாற்றம் அடித்தால் டிராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும். குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.