லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டால் ஆர்டுயினோ பதில் சொல்ல வேண்டும்

ஜனவரி வந்தால் நீலகிரியில் எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கில் காலைப் பேச்சே உறைபனிதான். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். மேட்டு வீட்டில் ஒன்றும் தெரியாது. கீழே கேரட் பாத்தி வெள்ளையாகக் கிடக்கும். பாத்தியில் எத்தனை டிகிரி என்று போர்வைக்குள் இருந்தே கேட்க வேண்டும், தேவைப்பட்டால் ஸ்பிரிங்ளர் மோட்டாரைப் போட வேண்டும். அதற்காக, ஆர்டுயினோ என்ற, நிரல் ஏற்றக்கூடிய சின்ன மின்னணு போர்டை லேப்டாப்போடு இணைத்துச் செய்ததுதான் இது.

போர்டுக்கு மூன்றே வேலை. 1 என்றால் வெப்பநிலை சொல், 2 என்றால் ரிலேயை (மோட்டாரைப் போடும் மின் ஸ்விட்ச்) ஆன் செய், 3 என்றால் ஆஃப் செய். எத்தனை டிகிரியில் மோட்டார் ஓட வேண்டும் என்ற முடிவு லேப்டாப்பில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணை மாற்றும்போதெல்லாம் போர்டில் மறுபடி அப்லோட் செய்ய வேண்டும்.

முதலில் வயரிங். ஆர்டுயினோ ஊனோவின் 2ஆம் பின்னில் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரின் டேட்டா வயர். அந்த வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். 7ஆம் பின்னில் ரிலே. மோட்டாரை இப்போது தொடாதீர்கள், ரிலேயின் ‘டிக்’ சத்தம் போதும். 230 வோல்ட் வேலை எலக்ட்ரீஷியனுடையது.

அடுத்து போர்டு பக்கம். சீரியல் வேகம், அதாவது லேப்டாப்பும் போர்டும் பேசிக்கொள்ளும் வேகம், 9600. ஒரு முழு வரி வந்ததும் அதை இரண்டு எண்களாகப் பிரியுங்கள். முதலாவது சீட்டு எண் (ஒவ்வொரு கேள்விக்கும் தரும் வரிசை எண்), இரண்டாவது வேலை எண். ஸ்விட்ச் கேஸில் வேலையைச் செய்துவிட்டு, அதே சீட்டு எண்ணை முன்னால் வைத்துப் பதில் அனுப்புங்கள்:

போகும் வரி: 41 1
வரும் வரி: 41 2.56

ரிலே வேலைக்கும் பதில் கட்டாயம். தெரியாத எண் வந்தால்கூட ‘பிழை’ என்று ஒரு வரி போக வேண்டும். சீட்டு எண் எதற்கு? தாமதமாக வரும் பழைய பதிலைப் புதிய கேள்விக்கு உரியதாக நினைத்து ஏமாறாமல் இருக்க.

அப்புறம் லேப்டாப் பக்கம். பைத்தானில் சீரியல் வழியே பேச உதவும் பைசீரியல் லைப்ரரியை நிறுவி, சீட்டு எண்ணில் ஒன்றைக் கூட்டி, வரியை அனுப்பி, அதே சீட்டுக்கான பதில் வரும்வரை காத்திருந்து, அதிலுள்ள எண்ணைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் என் நிரலில் இந்த வரி இப்படியே இருக்கிறது:

வெப்பம் = கூப்பிடு(1)

டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம், 2 வினாடி வையுங்கள். 12 பிட் அளவீட்டுக்கு சென்சாரே 750 மில்லிவினாடி வரை எடுக்கும்.

இனி நான் பட்டது. லேப்டாப்பில் சீரியல் போர்ட்டை (போர்டோடு பேசும் இணைப்பு) திறந்தாலே ஊனோ ரீசெட் ஆகும். ஒவ்வொரு கேள்விக்கும் போர்ட்டைத் திறந்து மூடினேன், ஓடிய ரிலே அணைந்துகொண்டே இருந்தது. ஒரே தடவை திறந்து, 2 வினாடி பொறுத்து, பிறகு பேசுங்கள்.

இன்னொரு நாள் கேத்தியில் 85 டிகிரி! மின்சாரம் வந்ததும் சென்சார் வைத்திருக்கும் ஆரம்ப மதிப்பு அது. அதைவிட மோசம் மைனஸ் 127. வயர் கழன்றால், போர்டில் சென்சாரைப் படிக்கும் டல்லாஸ் லைப்ரரி தரும் எண் இது. கடுங்குளிர் என்று நம்பி நடுராத்திரியில் மோட்டாரைப் போட்டுவிட்டது என் நிரல். இந்த இரண்டையும் கண்டால் ஒதுக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்.

பதிலே வராவிட்டால்? ரிலே ஆன் ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். 2ஐ மறுபடி அனுப்பினால் நஷ்டமில்லை, ஆனில் இருப்பது ஆனிலேயே இருக்கும். ‘நிலையை மாற்று’ என்று ஒரே வேலையாக வைத்திருந்தால், இரண்டாவது கூப்பிடல் ஓடுகிற மோட்டாரை நிறுத்தியிருக்கும்.