காம்பவுண்ட் வில்லில் அம்பு ஆடிக்கொண்டு போகிறதா? தேட வேண்டிய வரிசை

காம்பவுண்ட் (நுனிகளில் கேம் எனும் சக்கரங்களும் அவற்றை இணைக்கும் கேபிள்களும் உள்ள வில்) போட்டிகளில் 50 மீட்டர் தூரத்து இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 செ.மீ. வாலை ஆட்டிக்கொண்டு கிளம்பும் அம்பையும் இறகுகள் வழியிலேயே நேராக்கிவிடும். ஆனால் அதற்குள் கொஞ்சம் வேகமும் கொஞ்சம் திசையும் போய்விடும். நடுவிலிருந்து 4 செ.மீ. தள்ளினாலே பத்து போய்விடுகிற இடத்தில் அந்தக் கொஞ்சமே அதிகம்.

ஆட்டம் கண்ணில் பட்டதும் பலருடைய கை நேராக ரெஸ்ட்டின் (வில்லில் அம்பைத் தாங்கும் பகுதி) திருகுக்குப் போகிறது. அதைச் செய்யாதீர்கள். விரிசல் விட்ட நாக் துண்டையோ (அம்பின் வாலில் நாணைக் கவ்வும் துண்டு) ரெஸ்ட்டில் உரசும் இறகையோ வைத்துக்கொண்டு ரெஸ்ட்டை நகர்த்தினால், ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பைச் சேர்க்கிறீர்கள். பிறகு இரண்டையும் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ரெஸ்ட்டுக்கு முன்னால் பார்த்து முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

கீழே இடம், வலம் என்று வருவதெல்லாம் ரிலீஸ் (நாணை இழுத்து விடும் கைக்கருவி) பயன்படுத்தும் வலக்கை வில்லாளிக்கு. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படிக்கவும்.

காகிதத்தில் எய்து பாருங்கள்

சுமார் 60 செ.மீ. சதுரச் சட்டத்தில் செய்தித்தாளைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். காகிதத்தின் நடுப்பகுதி உங்கள் தோள் உயரத்தில் இருக்க வேண்டும். அம்பு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ போனால் கிழிசல் பொய் சொல்லும். காகிதத்துக்கு 2 மீட்டர் முன்னால் நில்லுங்கள். அம்பு முழுவதும் காகிதத்தைக் கடந்த பிறகே இலக்குப் பலகையில் குத்த வேண்டும். அதனால் பலகையை ஒன்றரை மீட்டராவது பின்னால் தள்ளி வையுங்கள்.

வட்டமான துளை முனை போன இடம். மூன்று இறகுகளின் கீறல்களும் சேரும் இடம் வால் போன இடம். கீறல்கள் துளையைச் சுற்றியே இருந்தால் அம்பு நேராகப் போகிறது. துளைக்கு இடப்பக்கம் கீறல் இருந்தால் வால் இடப்பக்கம் சாய்ந்து போயிருக்கிறது.

நான்கு அம்புகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை எய்யுங்கள். எந்த அம்பு, எத்தனையாவது முறை என்று கிழிசலுக்குப் பக்கத்திலேயே பேனாவால் எழுதி வையுங்கள். பாதி நோயறிதல் இங்கேயே முடிந்துவிடும். ஒரே ஒரு அம்பு மட்டும் வேறு மாதிரி கிழித்தால் கோளாறு அந்த அம்பில். எல்லா அம்புகளும் எல்லா முறையும் ஒரே மாதிரி கிழித்தால் வில்லின் அமைப்பு அல்லது ஸ்பைன் (அம்புத்தண்டின் விறைப்பு). ஒரே அம்பு ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் கிழித்தால் பிடி, முகத்தில் நாண் அழுந்துவது, உரசல் இவற்றில் ஒன்று. இந்தக் கடைசி வகை கிழிசலை வைத்துக்கொண்டு வில்லில் எதையும் திருகாதீர்கள்.

அம்பு

கார்பன் ஷாஃப்டை (அம்புத்தண்டை) இரு கையாலும் பிடித்து லேசாக வளைத்து, திருப்பித் திருப்பி, காதருகே வைத்துக் கேளுங்கள். சிறு முறுகல் சத்தம் வந்தாலும், விரல் நுனியில் நார் தட்டுப்பட்டாலும் அந்த அம்பை உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போது சிதறினால் சிம்புகள் வில் பிடித்த கையில்தான் ஏறும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பிறகு முனையை உள்ளங்கையில் ஊன்றிச் சுழற்றுங்கள். அதிர்ந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது முனை கோணலாக ஒட்டியிருக்கிறது. நாக் துண்டின் அடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நாணில் மாட்டும்போது 'டிக்' என்ற சத்தத்துடன் உட்கார வேண்டும். அம்பை நாணிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டு, நாக்குக்கு மூன்று நான்கு செ.மீ. தள்ளி நாணை விரலால் தட்டினால் கழன்று விழ வேண்டும். பலமாகத் தட்டியும் விழாவிட்டால் பிடிப்பு அதிகம். தொட்டவுடன் விழுந்தால் தளர்வு. நாணின் நடுச் சுற்று நூலை மாற்றிய பிறகு இந்தக் கோளாறு அடிக்கடி வரும், ஏனென்றால் நூலின் தடிமன் மாறியிருக்கும்.

ஒரு அம்பு மட்டும் அடம்பிடித்தால் நாக் துண்டைக் கால் சுற்று திருப்பி மறுபடி காகிதத்தில் எய்யுங்கள். ஷாஃப்டின் விறைப்பு சுற்றளவு முழுவதும் ஒன்றுபோல இருப்பதில்லை. திருப்பத் திருப்ப ஏதோ ஓர் இடத்தில் மற்ற அம்புகளோடு சேர்ந்துகொள்ளும். எங்குமே சேராவிட்டால் அது பயிற்சி அம்புகளோடு போகட்டும்.

உரசல்

சின்னதாக, வேகமாக, மீன்குஞ்சு நெளிவதுபோல் வால் துடித்தால் முதல் சந்தேகம் இறகு எங்கோ இடிக்கிறது என்பதே. ரெஸ்ட்டின் விளிம்பிலும் கேபிளின் அம்புப் பக்கத்திலும் லிப்ஸ்டிக்கை மெல்லியதாகப் பூசி ஒரு அம்பு எய்யுங்கள். இறகில் சாயம் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அடியோரத்தில் கோடு விழுந்திருந்தால் ரெஸ்ட். கேபிள் பக்க இறகின் வெளி நுனியில் விழுந்திருந்தால் கேபிள்.

தகடு ரெஸ்ட் என்றால் நாக் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறகுக்கு வழிவிடுங்கள். எல்லா அம்புகளிலும் அதே கோணம் இருக்க வேண்டும். கீழே விழும் வகை ரெஸ்ட் என்றால் அதைக் கேபிளோடு இணைக்கும் கயிற்றின் நேரத்தைப் பாருங்கள். கீழிறங்கும் கேபிளில் கட்டிய ரெஸ்ட், நாணை இழுத்து முடிக்கும் கடைசி இரண்டு மூன்று செ.மீ.யில்தான் முழு உயரத்துக்கு வர வேண்டும். அதற்கு வெகு முன்பே எழுந்துவிட்டால் எய்யும்போது இறங்கத் தாமதமாகும், இறகு அதன் மேலேயே ஏறும். கயிறு முடிச்சில் வழுக்கிப் போயிருப்பதும் சாதாரணமாக நடப்பது. முடிச்சு இருக்க வேண்டிய இடத்தில் கேபிளில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

கிழிசல் மேலும் கீழும் இருந்தால்

தொடக்க நிலை இது: அம்பு ரெஸ்ட்டைப் பொருத்தும் துளையின் நடுவே கடக்க வேண்டும்; நாணுக்குச் செங்கோணமாகவோ, நாக் பக்கம் 3 மி.மீ. வரை உயர்ந்தோ இருக்கலாம். வால் மேலே கிழித்தால் ரெஸ்ட்டை உயர்த்துங்கள் அல்லது டி-லூப்பை (ரிலீஸை மாட்ட நாணில் கட்டிய சிறு கயிற்று வளையம்) இறக்குங்கள். வால் கீழே கிழித்தால் நேர்மாறு. ஒரு தடவைக்கு 1 மி.மீ. போதும்.

எவ்வளவு நகர்த்தியும் மேல் கிழிசல் போகவில்லையா? உயரத்தை விட்டுவிட்டு கேம்களைப் பாருங்கள். இரண்டு கேம் வில்லில், கேம்கள் மேற்கொண்டு சுழலாமல் தடுக்கும் மேல், கீழ் நிறுத்தங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும். நீங்கள் நாணை முழுதும் இழுத்து நிற்கும்போது இன்னொருவர் பக்கவாட்டில், எய்யும் கோட்டுக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும். ஒன்று தட்டிய பிறகு மற்றது தட்டினால் நாண் நேர்கோட்டில் முன்னே வருவதில்லை, நாக் முனை மேலோ கீழோ அலைந்துதான் அம்பை விடுகிறது. கேபிளில் முறுக்கு கூட்டியோ குறைத்தோ இதைச் சரிசெய்வார்கள். எந்தக் கேபிள் என்பது கேமின் வகையைப் பொறுத்தது, அதனால் உங்கள் வில்லின் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். ஒரு தடவைக்கு அரை முறுக்கு மட்டும். வில்லை அழுத்தியில் (வில்லை வளைத்து நாணையும் கேபிளையும் தளர்த்தும் கருவி) மாட்டாமல் கேபிளைத் தொடவே கூடாது.

டி-லூப்பின் இரு முடிச்சுகளும் நாக் துண்டை நெருக்கிப் பிடிக்கின்றனவா என்றும் பாருங்கள். நாணை முழுதும் இழுக்கும்போது கோணம் கூர்மையாகி நெருக்கம் இன்னும் கூடும். ஒரு மெல்லிய அட்டை நுழையும் இடைவெளி இருக்கட்டும்.

இடமும் வலமும்

இதுதான் ஆளை அலைக்கழிக்கும் பகுதி. வலக்கைக்காரருக்கு இடப்பக்கக் கிழிசல்தான் அதிகம் வரும். அதற்கு முதல் காரணம் பெரும்பாலும் கை. பிடியை உள்ளங்கையின் கட்டைவிரல் பக்கச் சதையில் வைத்து, விரல் முட்டிகள் சுமார் 45 பாகை சாய்ந்திருக்க, விரல்களைத் தளர்த்தி எய்து பாருங்கள். நாணை முகத்தில் அழுத்துவதும், டி-லூப் முறுக்கிக்கொண்டு ரிலீஸில் மாட்டியிருப்பதும் இதே கிழிசலைத் தரும்.

கை சரியென்று தெரிந்த பிறகு நடுக்கோடு, அதாவது அம்பின் இட-வல நிலை. ரைசரின் (வில்லின் நடுச் சட்டம்) பக்கத்திலிருந்து அம்பின் மையம் வரை பல வில்களில் 19 முதல் 21 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வில்லுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் தொடங்குங்கள். இடக் கிழிசலுக்கு ரெஸ்ட்டை வலப்பக்கம், அதாவது ரைசரை நோக்கி, அரை மி.மீ. நகர்த்துவது வழக்கமான முறை. கிழிசல் குறையாமல் கூடினால் வாதாட வேண்டாம், எதிர்ப்பக்கம் போங்கள். நாணும் ஷாஃப்டும் சேர்ந்து வளைகிற விதம் வில்லுக்கு வில் மாறும். காகிதம் காட்டுவதே தீர்ப்பு. ஓர் எச்சரிக்கை: ரெஸ்ட்டில் அரை மி.மீ. என்பது 50 மீட்டரில் மூன்றரை செ.மீ. அளவுக்கு அம்பைத் தள்ளும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் சைட்டை (குறிபார்க்கும் கருவி) திரும்ப அமைக்க வேண்டும்.

நடுக்கோட்டிலிருந்து 2 மி.மீ.க்கு மேல் விலகினால்தான் கிழிசல் போகிறது என்றால் ரெஸ்ட்டைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்துவிடுங்கள். காரணம் வேறு இடத்தில். கேமின் பக்கவாட்டில் ஓர் அம்பைத் தட்டையாக ஒட்டிப் பிடித்து, அது நாணோடு இணையாகப் போகிறதா என்று மேலிருந்து பாருங்கள். நாணைக் குறுக்கே வெட்டினால் கேம் சாய்ந்திருக்கிறது. நுனி இரண்டு கிளையாகப் பிரியும் பிளவுக் கேபிள் உள்ள வில்லில் ஒரு கிளையில் முறுக்கைக் கூட்டி, மறு கிளையில் அதே அளவு குறைத்து நிமிர்த்தலாம். மற்ற வில்களில் அச்சில் உள்ள வளையங்களை மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய ஷாஃப்டின் நடுவே 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் தொய்கிறது என்பதே அதன் எண்; 500 என்றால் அரை அங்குலம். எண் பெரிதானால் ஷாஃப்ட் மெலிவு. 55 பவுண்டு வில்லுக்கு 28 அங்குல அம்பு என்றால் பெரும்பாலும் 400 வட்டாரத்தில் வரும். இரண்டு லிம்ப் போல்ட்டுகளையும் (வில்லின் வளையும் மேல், கீழ்க் கைகளை ரைசரோடு பிணைக்கும் திருகுகள்) ஒரே அளவு, ஒரு சுற்று தளர்த்தி எய்து பாருங்கள். வில்லைப் பொறுத்து 2 முதல் 4 பவுண்டு குறையும். கையேடு அனுமதிக்கும் சுற்றுகளைத் தாண்டாதீர்கள். இடக் கிழிசல் சுருங்கினால் ஷாஃப்ட் அந்த வில்லுக்கு மெலிவு. எடை குறைந்த முனை போடுவதும், ஷாஃப்டைச் சற்று வெட்டிக் குட்டையாக்குவதும் அதை விறைப்பாக்கும். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் முனையை மாற்றிப் பார்ப்பதே முதலில்.

காகிதத்துக்குப் பிறகு

கிழிசல் 6 மி.மீ.க்குள் வந்துவிட்டால் காகிதத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். 4 மீட்டர் தள்ளி நின்று ஒரு முறை எய்து, கிழிசல் திசை மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டு மைதானத்துக்குப் போங்கள். உயரமான இலக்குப் பலகையில் தூக்குக்குண்டு கட்டி ஒரு செங்குத்துக் கோடு ஒட்டுங்கள். சைட்டை 15 மீட்டருக்கு அமைத்து, அதைத் தொடாமலேயே 20, 25, 30 மீட்டரில் கோட்டின் மேல்முனையைக் குறிவைத்து எய்யுங்கள். அம்புகள் இறங்கிக்கொண்டே போகும், அது சரி. போகப் போக இடப்பக்கம் விலகினால் ரெஸ்ட்டைக் கால் மி.மீ. வலப்பக்கம், வலப்பக்கம் விலகினால் இடப்பக்கம். வில்லைச் சாய்த்துப் பிடித்தாலும் இதே விலகல் வரும், அதனால் சைட்டின் நீர்க்குமிழியில் ஒவ்வொரு முறையும் கண் இருக்கட்டும்.

சரியான நிலை கிடைத்த அன்றே அச்சுக்கு அச்சு நீளம் (இரு கேம்களின் அச்சுகளுக்கு இடையே உள்ளது), பிடியிலிருந்து நாண் வரையுள்ள தூரம், டி-லூப் உயரம், லிம்ப் போல்ட்டின் சுற்று, கேபிள்களில் உள்ள முறுக்கு எல்லாவற்றையும் எழுதி வில் பெட்டிக்குள் வையுங்கள். கேம்களில் கேபிள் படும் இடத்திலும் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு. வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டால் நாணும் கேபிளும் நீளக்கூடும், லிம்புக்கும் கேடு. நேற்றுவரை நன்றாகப் போன அம்பு இன்று ஆடினால் முதலில் அந்தத் தாளை எடுத்து அளந்து பாருங்கள். அச்சுக்கு அச்சு 3 மி.மீ. மாறியிருந்தாலே, அம்பையோ ரெஸ்ட்டையோ தொடாமல், முறுக்கைப் பழைய கணக்குக்குக் கொண்டுவருவதுதான் வேலை.