அம்மாயியின் வாழ்க்கையை அவருடைய பாட்டுகளிலிருந்து எழுதுவது எப்படி

பாட்டியைப் பற்றி எழுத வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம் பாட்டிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். பிறப்பு, ஊர், கல்யாணம், பிள்ளைகள் என்று வரிசையாகக் கேட்டால் உறவினர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். "தங்கமான மனுஷி, யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை" என்று முடித்துக்கொள்வார்கள். அதே ஆட்களிடம், "வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது எந்தப் பாட்டைப் பாடுவார்? அதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லிக்கொடுத்த அத்தை வருவார், அந்த அத்தை வீட்டில் போய் ஏன் தங்க நேர்ந்தது என்பதும் தானாக வரும்.

என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். பிறந்தது ராசிபுரம் பக்கம். தாத்தா வெண்பட்டு வேட்டி நெய்தார். அம்மாயி இராட்டையில் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றினார், சமைத்தார், கோயிலுக்குப் போனார், நாள் முழுவதும் பாடினார். மேடை ஏறியதில்லை. இப்படிப்பட்ட பெண்களைப் பற்றி அரசாங்கக் காகிதத்தில் நான்கு வரிகூடத் தேறாது. அதனால் பாட்டையே ஆவணமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். இடப்பக்கத்தில் பாட்டின் முதல் அடி. வலப்பக்கத்தில் அவர் அதைப் பாடிய நேரம், இடம், கற்றுக்கொடுத்தவர், உடன் பாடியவர், இன்று அந்த மெட்டு யாருக்குத் தெரியும் என்பது. அகர வரிசை வேண்டாம். வாசல் தெளிப்பதில் தொடங்கித் தொட்டில் ஆட்டுவது வரை ஒரு நாளின் வரிசையில் எழுதுங்கள். அது முடிந்ததும் சித்திரையில் தொடங்கிப் பங்குனி வரை வருடத்தின் வரிசை. முதல் அடிகூட நினைவில்லாத பாட்டுக்கும் ஒரு பக்கம் விட்டு, "ஆடி வெள்ளியில் பாடுவது, நடுவில் வேப்பிலை வரும்" என்று கிடைத்ததை எழுதி வையுங்கள். யாராவது ஒருவர் அதைப் பார்த்து மீதியைச் சொல்வார்.

பொருந்தாத பாட்டு எது என்று பாருங்கள், அங்கேதான் கதை இருக்கும். எங்கள் வீடு முருகன் வீடு. குமரகிரி மலைக்குப் போகாத கிருத்திகை கிடையாது. ஆனால் அம்மாயிக்குத் திருப்பாவை முப்பதும் மனப்பாடம், திருவெம்பாவை இருபதில் பாதிதான் வரும். ஏன் என்று பெரியம்மாவிடம் கேட்டபோது, பிறந்த ஊரில் பக்கத்துத் தெருவில் இருந்த பஜனை மடத்தைப் பற்றிச் சொன்னார். வயதுக்கு வந்த பெண் தனியாக வெளியே போக வீட்டார் சம்மதித்த ஒரே பொழுது மார்கழி விடியற்காலைதான். ஆர்மோனியத்தை அவர் முதன்முதலில் பார்த்ததும் அங்கேதான். அம்மாயிக்குச் சங்கீதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த பதில் அது ஒன்றுதான்.

காலத்தைக் கணிப்பதில் நிதானம் வேண்டும். ஜாதகத்தில் ஈசுவர வருடம், மாசி மாதம் என்று இருந்தால் பஞ்சாங்கத்தைப் பார்த்து 1937 என்று எழுதிவிடாதீர்கள். ஈசுவர வருடம் பிறந்தது 1937 ஏப்ரலில். அதன் மாசி வருவது 1938 பிப்ரவரி, மார்ச்சில். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இந்த ஒரு வருட வித்தியாசம் உண்டு. வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதையும் மறக்கக் கூடாது. பாட்டியின் பாட்டி "தாது வருஷத்துப் பஞ்சம்" என்று சொல்லியிருந்தால் அது 1876-இல் தொடங்கிய பஞ்சம். 1936-ஆம் ஆண்டின் தாது அல்ல.

ஜாதகம் இல்லாத வீடுகளில் ஊர் நிகழ்ச்சிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். "கள்ளுக்கடையை மூடினார்களே, அதற்கு அடுத்து வந்த மாசியில் பிறந்தவள்" என்று அம்மாயியின் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் சொல்வது வழக்கம். ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. அடுத்த மாசி 1938. ஜாதகக் கணக்கும் அதுவே. இரண்டு வழியில் ஒரே விடை வந்தால் தைரியமாக எழுதலாம். சேலத்து மாரியம்மன் கோயில்களின் ஆடிப் பண்டிகையும் இதற்கு நன்றாக உதவும். பிள்ளை பிறந்த தேதி நினைவில்லாதவர்களுக்குக்கூட அது பூச்சாட்டுக்கு முன்பா, கம்பம் நட்ட பிறகா, அலங்கார வண்டிகள் வரும் வண்டி வேடிக்கை அன்றா என்பது நன்றாக நினைவிருக்கும். "சேலம் ஜில்லாவில் பிறந்தார்" என்று பழைய காகிதத்தில் இருந்தால் இன்றைய வரைபடத்தையும் பாருங்கள். தர்மபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும்தான் தனி மாவட்டங்களாயின. எங்கள் ராசிபுரம் இப்போது நாமக்கல் மாவட்டம். பதிவேடு தேட வேண்டுமானால் அங்கேதான் கேட்க வேண்டும்.

வானொலி எப்போது வீட்டுக்கு வந்தது என்பதையும் கண்டுபிடியுங்கள். இசையில் ஈடுபாடு உள்ள ஒரு பெண்ணின் வாழ்க்கையில் அது பெரிய நாள். அன்றெல்லாம் வானொலிப் பெட்டிக்குத் தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். அந்தச் சிறு புத்தகம் பீரோவின் அடித்தட்டில் இருந்தால் முதல் பக்கமே தேதியைச் சொல்லிவிடும். அந்தத் தேதிக்குப் பின்பு கற்ற பாட்டுகளில் பல திருச்சி வானொலியிலிருந்து வந்தவையாக இருக்கலாம். பஜனையில் கற்றது எது, வானொலியில் கற்றது எது என்று அப்போது பிரிக்க முடியும்.

அடுத்து அவர் கையால் எழுதிய பாட்டு நோட்டு. எடுத்தவுடன் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லாமினேஷன் செய்யாதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிட்டு, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடக் கூடாது. பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் அங்கேதான் இருக்கும், அதுவும் அவர் வாழ்க்கைதான். இளையவர்கள் படிக்கத் திணறும் இடம் ஒன்று உண்டு. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பு பள்ளியில் படித்தவர்கள் ணை, லை, ளை, னை ஆகியவற்றை முன்னால் சுழித்த கொம்போடும், ணா, றா, னா ஆகியவற்றைத் தனிக் கால் இல்லாமல் சுழியோடும் எழுதுவார்கள். இந்த எழுத்துகளை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொண்டால் சிக்கல் தீரும். அவருடைய எழுத்துப்பிழைகளைத் திருத்த வேண்டாம். அச்சுப் புத்தகத்தில் ஒரு சொல்லும் அம்மாயி வாயில் வேறு சொல்லும் இருந்தால் அம்மாயியின் சொல்லை மேலே எழுதுங்கள், அச்சிலுள்ளதை அடியில் சிறிதாகக் குறியுங்கள்.

கேசட் இருந்தால் அதற்குத்தான் அதிக கவனம் தேவை. முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு யார் தவறி எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மேலே வேறு பதிவாகாது. பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டாதீர்கள்; பழைய டேப் ரிக்கார்டர் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நன்றாக இருந்தால் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, அதன் பிறகு கம்பி வழியாகக் கணினியில் ஏற்றுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். வேவ் கோப்பாகச் சேமியுங்கள்; எம்பி3 உறவினர்களுக்கு அனுப்ப மட்டும்.

பழைய டேப் ரிக்கார்டரில் பெல்ட் தளர்ந்திருந்தால் கேசட் மெதுவாக ஓடும், பாடுபவரின் குரல் தடித்துவிடும். அது உங்கள் பாட்டியின் குரலே இல்லை. இதைச் சரிசெய்ய அம்மாயியின் சுருதிப் பெட்டிதான் எங்களுக்குக் கைகொடுத்தது. அவர் எப்போதும் அதை ஐந்து கட்டை என்ற சுருதியில் வைத்துப் பாடுவார். ஒலிப்பதிவிலும் பின்னணியில் அந்தப் பெட்டி இழைந்துகொண்டே இருக்கும். தூசு தட்டி, அதே துளைகளைத் திறந்து, பெட்டியை அமுக்கிக்கொண்டே கணினியில் பதிவை ஓட்டினோம். இரண்டு சுருதியும் சேரவில்லை, காது கூசியது. மென்பொருளில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனோம். ஓர் இடத்தில் அறையிலிருந்த சுருதியும் பதிவிலிருந்த சுருதியும் ஒன்றாயின. அங்கே நிறுத்திக் கேட்டால், அம்மாயி! மூக்கோடு சேர்ந்த அந்த மெல்லிய குரல், அடி முடியும் இடத்தில் ஒரு சிறு குலுக்கல். அம்மா எழுந்து வந்துவிட்டார். உங்கள் வீட்டில் சுருதிப் பெட்டியோ ஆர்மோனியமோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதன் உலோக நாக்குகள் எளிதில் சுருதி மாறுவதில்லை.

பெரியவர்களிடம் பேசும்போது இந்தப் பதிவைப் போட்டுக் காட்டிவிட்டுக் கேளுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம், கண் செருகும். காலைக் காபிக்குப் பின்பு நல்லது. மின்விசிறியை அணைத்து, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். அவர் பாட ஆரம்பித்தால் நீங்கள் சேர்ந்து பாடாதீர்கள்.

தாலாட்டைக் கட்டாயம் கேளுங்கள். பக்திப் பாட்டு எல்லோருக்கும் பொது, தாலாட்டில் உங்கள் குடும்பம் மட்டுமே இருக்கும். மாமன்மார் சீர் கொண்டு வரும் அடிகளில் அம்மாயி தன் உடன்பிறந்தவர்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பாடுவார். பெரியம்மா பாடிக் காட்டும்போது நாங்கள் அறியாத ஒரு பெயர் நடுவில் வந்தது. வெள்ளி அரைஞாண் கொண்டு வரும் மாமன் அவர். யார் என்று கேட்டோம். சிறு வயதிலேயே அம்மையில் போன தம்பி. அவருக்குப் படமோ திதியோ இல்லை. அம்மாயி வீட்டில் அவரைப் பற்றிப் பேசியதும் இல்லை. பதினோரு பேரப்பிள்ளைகளையும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தூங்க வைத்திருக்கிறார். கோட்டை மாரியம்மன் கோயிலில் ஆடிதோறும் அவர் தனியாக நின்று எதை வேண்டினார் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

ஒப்பாரி வேறு விஷயம். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று பெரியவர்கள் மறுப்பார்கள், வற்புறுத்தக் கூடாது. திண்ணையிலோ தோட்டத்திலோ உட்கார்ந்து, ராகம் போடாமல் சொற்களை மட்டும் சொல்லச் சொன்னால் சிலர் சொல்வார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

எழுதும்போது ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பாட்டு, கீழே அதோடு வந்த செய்தி, சொன்னவர் யார் என்பது. இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள். "அன்பே உருவானவர்", "தெய்வப் பிறவி" போன்ற சொற்களைத் தவிருங்கள். அவர் மாமியாரோடு பேசாமல் இருந்த நாட்களில் எந்தப் பாட்டை உரக்கப் பாடினார் என்பது அவற்றைவிட அதிகம் சொல்லும். உயிரோடு இருப்பவர்களுக்கு மனவருத்தம் தரக்கூடிய செய்தியை மட்டும் சம்பந்தப்பட்டவரிடம் படித்துக் காட்டிக் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் திதிக்குள் முடிப்பது நல்லது. அன்று எல்லோரும் கூடுவார்கள், திருத்தமும் அன்றே கிடைக்கும். ஆகவே முதலில் சில படிகள் மட்டும் அச்சடித்து, கடைசியில் வெற்றுத் தாள்கள் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், படிக்கப் போகிறவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். ஒலிக்கோப்புகளுக்கு அந்தந்தப் பாட்டின் முதல் அடியையே பெயராக வைத்து, பென்டிரைவில் ஏற்றி, ஒரே ஊரில் இல்லாத மூன்று வீடுகளில் கொடுத்து வையுங்கள். மூலக் கேசட்டும் நோட்டும் ஒரே வீட்டில், ஈரம் படாத மேல்தட்டில் இருக்கட்டும். எந்த வீடு என்பதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.